துளை போடாமல் எக்கோ சென்சார்: ஃபைபர் படகின் உள்ளேயே ஒட்டும் முறை

அப்பாவின் படகில் எக்கோவின் (கடலடிக்குச் சத்தம் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து ஆழத்தைத் திரையில் காட்டும் கருவி) சென்சார் மூன்று முறை உடைந்திருக்கிறது. ஒரு முறைகூடக் கடலில் உடையவில்லை, எல்லாம் கரையேறும்போதுதான். திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் படகு கட்டத் துறை கிடையாது. பொங்கி வரும் அலையின் முதுகில் ஏறி, எஞ்சினைத் தூக்கிவிட்டு, மணலில் பாய்ந்து நிற்க வேண்டும். அப்புறம் டிராக்டர் கட்டி மேலே இழுப்பார்கள். பின்பலகைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இதை எத்தனை நாள் தாங்கும்? முதல் சென்சார் நாலு மாதம் தாங்கியது. இரண்டாவது பதினோரு நாள். மூன்றாவது உடைந்த அன்று அப்பா கேபிளைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "போதும்லே, இனி ஈயக்குண்டை வச்சே பாத்துக்கிடுதேன்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பா தூண்டில்காரர். கலவாயும் விளமீனும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, ஒட்டியே கிடக்கும். பார் எங்கே எழுகிறது, எங்கே சரிகிறது என்று தெரிந்தால்தான் மீன் கிடைக்கும். கரையில் கோபுரத்தையும் பனைகளையும் கோடு பிடித்துப் பார் கண்டுபிடிக்கும் வித்தை அவருக்குத் தெரியும். ஆனால் மூட்டம் போட்ட காலையில் கரை தெரியாது. வயசும் ஆகிறது. ஈயக்குண்டை இருபது பாகம் (ஒரு பாகம் என்றால் இரு கையையும் விரித்த அளவு, சுமார் 6 அடி) இறக்கி இழுத்து, மறுபடி இறக்கி இழுக்கும் கை அது இல்லை இப்போது.

நாலாவது சென்சாரைப் படகின் உள்ளேயே, அடிப்பகுதியின் மேல் ஒட்டினேன். தண்ணீரைத் தொடாது, துளையும் கிடையாது. முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை சரியாக வந்தது. ஆறு வருஷமாக அதே சென்சார் ஓடுகிறது. அதன்பின் பக்கத்து ஊர்ப் படகுகளுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். ரேடியோ, ஜிபிஎஸ், எக்கோ ரிப்பேர் பார்ப்பதுதான் என் தொழில். கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி, இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எதிரி காற்று. சென்சார் அனுப்பும் சத்தம் தண்ணீரில் நொடிக்கு சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகும். ஃபைபரிலும் போகும், எபாக்ஸியிலும் போகும். காற்று எதிர்ப்பட்டால் அப்படியே திரும்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்புவது மாதிரி, ஒரு மெல்லிய காற்றுப் படலம் கிட்டத்தட்ட முழுச் சத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். சென்சாரின் முகத்துக்கும் கடலுக்கும் நடுவில் எந்த இடத்திலும் காற்று இருக்கக்கூடாது. இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இதற்காகத்தான்.

உங்கள் படகுக்கு ஆகுமா?

அடிப்பகுதி முழுக்க மேட் (கண்ணாடி இழைப் பாய்), ரெசின் இரண்டும் மட்டும் போட்டு வார்த்த படகு என்றால் ஆகும். நடுவில் ஃபோம், பிளைவுட் எதையாவது வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் போட்டிருந்தால் ஆகாது. ஃபோமும் மரமும் உள்ளுக்குள் காற்றைப் பிடித்து வைத்திருப்பவை. எங்கள் பக்கம் இன்னொரு வகை உண்டு: பழைய மர வள்ளத்தின் மேல் ஃபைபர் போர்த்தியது. வெளியே பார்த்தால் ஃபைபர் படகு, உள்ளே முழு மரம். அதில் முயற்சி பண்ணவே வேண்டாம். இரும்புப் படகும் அப்படித்தான்.

சந்தேகமாக இருந்தால் இரண்டு வழி. ஸ்பேனரின் பின்பக்கத்தால் உள்ளே தட்டிக்கொண்டே போங்கள். முழு ஃபைபர் இறுக்கமாக, கணீரென்று ஒலிக்கும். ஃபோம் இருந்தால் மந்தமாக, டொக் என்று கேட்கும். இன்னொன்று, இருட்டிய பிறகு வெளியே ஒருவர் நல்ல டார்ச்சை அடிப்பகுதியில் அழுத்திப் பிடிக்கட்டும், நீங்கள் உள்ளிருந்து பாருங்கள். பெயின்ட் கனமாக இல்லாத முழு ஃபைபர் என்றால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் உள்ளே கசியும். அந்த வெளிச்சத்தில் ஒட்டுப்போட்ட இடங்கள் கறுப்புத் திட்டாகத் தெரியும், மேட்டுக்குள் சிக்கிய குமிழ்கள்கூடச் சில சமயம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இடம் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தள்ளுபடி ஆகும் விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் வெப்பம் காட்டும் சென்சார் என்றால் இனி அது படகின் வெப்பத்தைத்தான் காட்டும். பக்கவாட்டிலும் அடியிலும் படம் மாதிரி காட்டும் 455, 800 கிலோஹெர்ட்ஸ் வகைகள் ஃபைபரைத் தாண்டிச் சரியாக வராது. 50, 77, 83, 200 கிலோஹெர்ட்ஸ் போன்ற சாதாரண எக்கோவுக்குத்தான் இந்த முறை. சத்தம் ஃபைபரைப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை கடப்பதால் ஆழம் பார்க்கும் சக்தியும் கொஞ்சம் குறையும். நாற்பது பாகத்துக்குள் தொழில் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய இழப்பாக எனக்குத் தெரியவில்லை.

இடம் பார்ப்பது

படகு கரையில் இருக்கும்போது அடியில் மணலில் மல்லாந்து படுத்துவிடுவேன். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) தண்ணீர் எப்படி ஓடி வரும் என்று கண்ணாலேயே பின்பக்கம் வரை கோடு இழுத்துப் பார்ப்பேன். ஏராவின் (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) ஓரம், தேய்மானத்துக்காக ஒட்டிய பட்டை, போல்ட் தலை, பழைய ஒட்டு என்று எந்த மேடு இருந்தாலும், ஓடும்போது அதன் பின்னால் குமிழ் வரிசையாகக் கிளம்பும். அந்த வரிசையில் சென்சார் வந்தால், படகு நின்றால் படம் நன்றாக இருக்கும், ஓடினால் திரை வெறிச்சோடிவிடும். மேடு எதுவும் முன்னால் இல்லாத, வழுவழுப்பான ஒரு கை அகல இடம் வேண்டும். ஏராவின் மேலேயே வைக்கக்கூடாது. அங்கே தடிமன் அதிகம். அதோடு மணலில் இழுபட்டு வருஷாவருஷம் மேட் ஏற்றி ஏற்றிக் குமிழ் நிறைந்திருக்கும் இடமும் அதுதான்.

முன்பின் கணக்கில், படகை மூன்றாகப் பிரித்தால் பின் பங்கில் இருக்க வேண்டும். வேகம் எடுத்தால் அணியம் தூக்கிக்கொள்ளும், பின் பங்குதான் தண்ணீரில் படுத்திருக்கும். ஏராவிலிருந்து ஒன்றரை, இரண்டு சாண் தள்ளி, முடிந்தால் வலப்பக்கம். பெரும்பாலான ஒற்றை எஞ்சினில் ப்ரொபெல்லர் இலை வலப்பக்கம் கீழ்நோக்கி இறங்கும் என்பதால் அந்தப் பக்கம் கலக்கல் குறைவு. வெளியே சாக்பீஸால் வட்டம் போட்டு, பின்பலகையிலிருந்தும் ஏராவிலிருந்தும் அளந்து, அதே அளவை உள்ளே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடமாக இல்லாமல் இப்படி மூன்று இடம் குறித்து வையுங்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

உள்ளே தளம் போட்டு மூடிய படகில் தளத்துக்கும் அடிக்கும் நடுவே ஃபோம் அடைத்திருப்பார்கள். தளத்தில் ஒரு சதுரம் வெட்டி, அந்த ஃபோமைக் கையால் பிய்த்து எடுத்து, அடி ஃபைபர் தெரியும் வரை சுத்தம் செய்ய வேண்டும். வெட்டிய சதுரத்துக்கு மூடி போடும் வகையில் விளிம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலித்தீன் பை சோதனை

ஒட்டுவது பத்து நிமிட வேலை. சோதிப்பதற்கு ஒரு கடல் பயணமே ஒதுக்குங்கள். முதல் தடவை நான் தோற்றதற்குக் காரணம் இதைச் செய்யாததுதான். கண்ணுக்கு நல்ல இடமாகத் தெரிந்த ஒன்றில் நேரே ஒட்டினேன். ஐந்து மில்லி எபாக்ஸி ட்யூப், ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை. குச்சியால் முட்டை அடிப்பது மாதிரி அடித்துக் கலக்கினேன். மறுநாள் கடலில் எட்டு பாகம் வரை தரை தெரிந்தது, பன்னிரண்டில் கரைந்தது. திரையின் மேல்பாதி முழுக்கத் தூறல் மாதிரி இரைச்சல். உளியால் செதுக்கி எடுத்தபோது எபாக்ஸியின் அடியைப் பார்த்தேன். இட்லியை உடைத்தால் தெரியுமே, அந்த மாதிரி முழுக்கக் கண்கள்.

சோதனை இப்படி. சென்சாரை ஒரு கம்பில் கட்டிப் படகின் ஓரமாகத் தண்ணீருக்குள் பிடியுங்கள். படகு நிற்கட்டும். எக்கோவில் சென்சிட்டிவிட்டியைத் தானியங்கியிலிருந்து மாற்றிக் கையால் ஓர் எண்ணில் வையுங்கள். எவ்வளவு ஆழம், தரைக்கோடு எவ்வளவு தடிமன், என்ன எண்ணில் வைத்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கனமில்லாத பாலித்தீன் பை ஒன்றில் பாதி தண்ணீர் ஊற்றி, சென்சாரை உள்ளே விட்டு, காற்றை எல்லாம் பிதுக்கி வெளியேற்றி, கேபிளைச் சுற்றிக் கட்டுங்கள். குறித்த இடத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இந்தப் பையை அழுத்தி வையுங்கள். சோப்பு ஏன் என்றால், பையும் ஃபைபரும் ஈரமாக ஒட்டிக்கொள்ள. வெறும் தண்ணீர் என்றால் மடிப்புகளில் காற்று தங்கும். சென்சாரின் முகம் பைக்குள்ளிருந்து நேரே கீழே பார்க்க வேண்டும்.

இப்போது அதே எண்ணில் திரையைப் பாருங்கள். தரைக்கோடு கொஞ்சம் மெலிந்திருந்தால் நல்ல இடம். சென்சிட்டிவிட்டியை ஒன்றிரண்டு படி ஏற்றினால் சரியாகிவிடும். பாதியாகக் குறைந்திருந்தால் பையை நாலு விரல் நகர்த்துங்கள். நம்ப மாட்டீர்கள், நாலு விரல் தள்ளினால் படமே மாறும். ஃபைபரின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்று போல இருக்காது. குறிப்பிட்ட தடிமனில் சத்தம் சுலபமாகக் கடக்கும், வேறு தடிமனில் உள்ளேயே மோதித் திரும்பும். ஒரு மில்லி கூடக்குறைய இருந்தாலே வித்தியாசம் தெரியும். கை கொண்டு தேடித்தான் கண்டுபிடிக்க முடியும்.

எனக்குப் பிடித்த ஒரு சோதனை இருக்கிறது. ஐந்தாறு பாகத்தில் கடினமான தரை இருக்கும் இடத்துக்குப் போய், ஆழ அளவை இருபது பாகத்துக்கு வைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு கோடு தெரியும். கொஞ்சம் சென்சிட்டிவிட்டி கூட்டினால் பத்தில் மங்கலாக இன்னொரு கோடு தெரிய வேண்டும். தரையில் பட்டு மேலே வந்த சத்தம் நீர்மட்டத்தில் மோதி, மறுபடி தரைக்குப் போய்த் திரும்பியது அது. கல்லும் பாரும் இந்த இரண்டாம் கோட்டைக் காட்டும், சேறு காட்டாது. உள்ளே வைத்த சென்சாரில் இரண்டாம் கோடு தெரிந்துவிட்டால் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பார் தேடுகிறவனுக்குத் தேவையானதும் அந்தக் கோடுதான்.

நின்ற படகில் தேறிய இடத்தை ஓடும் படகிலும் பாருங்கள். ஒருவர் பையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மெதுவாக வேகம் ஏற்றுங்கள். எந்த வேகத்தில் தரை காணாமல் போகிறது என்று பார்த்து, மூன்று இடத்தில் எது கடைசி வரை தாக்குப்பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாய்வு

அடி தட்டையான படகு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். அடி வி வடிவில் இருந்தால், உள்ளே ஒட்டும் சென்சாரும் அந்தச் சாய்வுக்குத்தான் படுக்கும். செல்போனில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கும். படகை மட்டமாக நிறுத்தி, குறித்த இடத்தில் போனைக் குறுக்குவாட்டில் வைத்துச் சாய்வைப் பாருங்கள். 10 டிகிரிக்குள் இருந்தால் நேரே ஒட்டிவிடுவேன். 15 டிகிரி சாய்ந்த சென்சாரை இருபது பாகத்தில் நினைத்துப் பாருங்கள். அதன் பார்வையின் மையம் படகுக்கு நேர் கீழே விழாது, கிட்டத்தட்ட 30 அடி பக்கவாட்டில் விழும். பார் திரையில் இருக்கும், தூண்டில் சேற்றில் கிடக்கும்.

அப்படிப்பட்ட படகுக்கு 4 அங்குல பிவிசி குழாயில் ஒரு துண்டு எடுத்து, அதன் கீழ்விளிம்பை அடியின் சாய்வுக்கு ஏற்ப அறுத்து, உப்புக்காகிதத்தில் தேய்த்துப் பொருத்துங்கள். மேல்விளிம்பு மட்டமாக நிற்க வேண்டும். குழாயை அடியோடு எபாக்ஸியால் கசிவில்லாமல் ஒட்டி, ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வைத்துக் கசிகிறதா என்று பார்த்து, அப்புறம் திரவத்தை நிரப்புங்கள். குழாயின் மூடியில் சென்சார் பொருந்தி, முகம் திரவத்தில் மூழ்கி, நேரே கீழே பார்த்துத் தொங்கும். கடையில் விற்கும் படகினுள் வைக்கும் சென்சார்களும் இந்தத் தத்துவம்தான். அதில் நிரப்பச் சொல்வது புரோபிலீன் கிளைகால். எங்கள் ஊரில் அது கிடைக்காது. நான் விளக்கெண்ணெய் ஊற்றுகிறேன். அதில் சத்தத்தின் வேகம் தண்ணீரின் வேகத்துக்கு மிக நெருக்கம். பெரிய சோனார் கருவிகளுக்குள்ளும் விளக்கெண்ணெய் நிரப்புவது உண்டு. வெறும் தண்ணீர் ஊற்றினால் வற்றிவிடும், பாசி பிடிக்கும். எண்ணெயைச் சுவரோரமாக மெதுவாக ஊற்றி, குமிழ் மேலே வர ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் சென்சாரை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள்.

ஒட்டும் நாள்

நேரே ஒட்டுகிறவர்களுக்கு: மெதுவாக இறுகும் இரண்டு பாக எபாக்ஸி மட்டும்தான். நான் சாதாரண அரால்டைட் வாங்குவேன், ஐந்து நிமிட வகை இல்லை. ரெசின் நூறு கிராமுக்கு ஹார்டனர் எண்பது கிராம், கண்ணளவில் சம அளவு. எம்-சீல் வேண்டாம், மாவு மாதிரி இருப்பதால் அமுக்கும்போது காற்றை உள்ளே மடித்துவிடும். ஃபைபர் பட்டறையில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினும் வேண்டாம். இறுகும்போது சுருங்கும், பழைய ஃபைபரின் மேல் எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. சிலர் சிலிக்கான் வைத்து ஒட்டுகிறார்கள். எடுக்க வேண்டி வந்தால் சுலபம் என்பது உண்மைதான், ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது என்பது என் அனுபவம்.

மாலை நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் நான் மிகவும் வலியுறுத்துகிறேன். காலையில் ஒட்டினால் வெயில் ஏற ஏற ஃபைபரின் நுண்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத எபாக்ஸிக்குள் குமிழாக ஏறும். மாலையில் படகு குளிர்ந்துகொண்டே வரும், காற்று சுருங்கும், எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

குறித்த இடத்தில் பெயின்ட், எண்ணெய், ஜெல் கோட் எல்லாம் போகும் வரை 80 நம்பர் உப்புக்காகிதத்தில் தேய்த்து, பிறகு 120 நம்பரில் மட்டமாக்குங்கள். உள்பக்க ஃபைபர் மேட்டின் நார் தெரியச் சொரசொரப்பாக இருக்கும். அந்தப் பள்ளங்கள்தான் காற்று ஒளிந்துகொள்ளும் இடம். சென்சாரை வைத்தால் ஆடாத அளவுக்கு மட்டமாக வேண்டும். தூசியைத் துடைத்து, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் கறை வராத வரை துடைத்து, உலரவிடுங்கள். சென்சாரின் முகத்தில் அசிட்டோன் படக்கூடாது, பிளாஸ்டிக்கை அரிக்கும். அதை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, 120 நம்பரால் லேசாகப் பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும்.

இடத்தைச் சுற்றி, சென்சாரைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக, குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணால் வரப்பு கட்டுங்கள். எபாக்ஸி டப்பாக்களைக் கலக்கும் முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், தேன் மாதிரி இளகும். அகன்ற தட்டில் ஊற்றி, தட்டையான குச்சியால், அடிக்காமல், மடித்து மடித்துக் கலக்குங்கள். நிறம் ஒன்றாகும் வரை, எப்படியும் நாலைந்து நிமிடம். பிறகு ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். மேலே வந்து நிற்கும் குமிழ்களை ஊசியால் குத்தி உடையுங்கள். முடி உலர்த்தும் கருவி இருந்தால் தூரத்திலிருந்து சூடான காற்றை ஒருமுறை காட்டினால் மிச்சமும் உடையும்.

முதலில் சென்சாரின் முகத்தில் விரலால் மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரே திசையில் தேய்த்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதேபோல் ஃபைபரின் மேலும் தேய்த்துவிடுங்கள், பள்ளங்களுக்குள் எபாக்ஸி இறங்கட்டும். பிறகு வரப்பின் ஓர் ஓரத்திலிருந்து நூல் மாதிரி மெல்ல ஊற்றி, தானாகவே பரவவிடுங்கள். கால் அங்குல உயரம் போதும். சென்சாரைப் படுக்க வைத்து இறக்காதீர்கள். ஒரு விளிம்பை முதலில் தொடவிட்டு, புத்தகத்தை மூடுவது மாதிரி மெதுவாகச் சாய்த்து இறக்குங்கள். காற்று எதிர்ப்பக்கம் ஓடிவிடும். பிறகு அழுத்திக்கொண்டே இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் பிதுங்கி வரும். அவை நிற்கும் வரை திருக வேண்டும். பார்த்தாலே ஒரு நிம்மதி வரும் காட்சி அது. அம்புக்குறியோ கூர்முனையோ இருந்தால் அணியத்தைப் பார்க்கட்டும், கேபிள் பின்பக்கம் பார்க்கட்டும்.

மணல் நிரப்பிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேலே வைத்து, வழுக்காமல் இரண்டு பக்கமும் டேப் போட்டு, 24 மணி நேரம் படகின் பக்கமே யாரையும் விடாதீர்கள். அப்பா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தொடாமல் போனார்.

வயரிங், செட்டிங்

கேபிள் நீளம் மிஞ்சினால் வெட்டவே வேண்டாம். எட்டு வடிவில் சுருட்டிக் கட்டிவிடுங்கள். எஞ்சின் வயர், விஎச்எஃப் ரேடியோவின் ஆன்டெனா கேபிள் இரண்டிலிருந்தும் ஒரு சாணாவது தள்ளிக் கொண்டுபோங்கள். கரன்ட் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக, நேர்முனையில் கருவியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஒரு ஃபியூஸ்; சின்னக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான். வயர் இணைப்பை முறுக்கி டேப் சுற்றினால் உப்பு ஒரே மாதத்தில் பச்சையாக்கிவிடும். பற்ற வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழல் போடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் எஞ்சின் என்றால் எக்கோவுக்குத் தனிப் பேட்டரி நல்லது, இல்லாவிட்டால் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் திரை அணைந்து எரியும்.

ஆழ அளவு சென்சாரிலிருந்துதான் தொடங்கும். படகு தண்ணீரில் இருக்கும்போது சென்சார் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, கீல் ஆஃப்செட் என்ற இடத்தில் அதைக் கொடுத்துவிட்டால் நீர்மட்டத்திலிருந்து காட்டும். மீன் படம் போட்டுக் காட்டும் வசதியை அணைத்து வையுங்கள். உள்ளே வைத்த சென்சாரில் குமிழையும் அது மீன் என்று காட்டும். வில் வடிவக் கோட்டைப் பார்க்கப் பழகுவது நல்லது. திரையின் மேல் ஓரத்தில் ஒன்றிரண்டு மீட்டருக்கு அடர்த்தியாக ஒரு பட்டை எப்போதும் இருக்கும். ஃபைபருக்குள்ளேயே சத்தம் எதிரொலிப்பது அது, கோளாறு இல்லை.

ஓடும்போது திரையில் செங்குத்துக் கோடுகளாக இரைச்சல் வந்தால், படகை நிறுத்தி, எஞ்சினை நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் கோடு வந்தால் அது வயரிங் பிரச்சினை, கேபிளை நகர்த்துங்கள். நின்றால் சுத்தமாகவும் ஓடினால் மட்டும் இரைச்சலாகவும் இருந்தால் அடியில் குமிழ் ஓடுகிறது. படகைத் திருப்பிப் போட்டு, சென்சாருக்கு முன்னால் புதிதாக எந்த மேடு முளைத்திருக்கிறது என்று தேடுங்கள். பலநாள் கழித்து திடீரென்று படம் மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வெளியே ஒட்டிய கொட்டலசு, அதாவது படகின் அடியில் ஒட்டி வளரும் சிப்பி மாதிரி உயிர். உள்ளே சென்சார் சுத்தமாகத்தான் இருக்கும், வெளியே அந்த ஒரு கை அகலத்தைச் சுரண்டினால் சரியாகிவிடும்.

கடைசியாக ஒரு வேலை, படகு கரையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். அடியில், சென்சாருக்கு நேர் வெளியே, சிவப்புப் பெயின்டில் ஒரு வட்டம் போடுங்கள். அடுத்த முறை பட்டறையில் அடிக்கு மேட் ஏற்றும்போது அந்த வட்டத்துக்குள் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதிதாக ஏற்றும் மேட்டில் குமிழ் சிக்கினால் இத்தனையும் வீண். அப்பாவின் படகில் அந்த வட்டம் மணலில் தேய்ந்து தேய்ந்து மங்கும்போதெல்லாம் அவரே டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு படகின் அடியில் படுத்துவிடுகிறார்.